வடக்கே தலை வைக்காத லாரி

எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்ச காலம் ஆறு டயர் போட்ட ஒரு வீடு இருந்தது. என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அம்மா கதை விடுகிறாள் என்கிறார்கள். கதை விடுகிற சாமர்த்தியம் எனக்கு இருந்தால், எங்கள் ஆட்களைக் கொஞ்சம் புத்திசாலிகளாகவாவது காட்டியிருப்பேன்.

என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே சண்டை வந்ததும் போட்டிருந்த சட்டையோடு கிளம்பி, பாலைவனத்தின் வழியே நாள்கணக்கில் லாரியில் வந்து, எந்தெந்த ஊர் முகாம்களிலோ கிடந்து, ஒருவழியாகப் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி யார் கேட்டாலும் “வெயிலு ஜாஸ்தி” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சில வருஷம் கழித்து, நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அப்படி எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு என்று நஷ்டஈடு வந்தது. வீட்டுக்கு மாடி எடுக்கலாம் என்று சித்தி நினைத்திருந்தாள். சித்தப்பா ஒரு நாள் ஏலத்துக்குப் போய்விட்டு, பச்சைப் பெயிண்ட் உரிந்த பழைய பட்டாள லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார்.

அப்பா அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

“எல்லாம் சரிடே, இது எதுக்கு?”

“இதுல ஒரு வீடு கட்டப் போறேன் அண்ணாச்சி. முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. மண்ணு, மணலு, மலை, எங்கன வேணும்னாலும் போவும். எங்கயும் மாட்டாது.”

நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். பக்கத்துக் காலிமனையில் ஐந்து மாதம் வேலை நடந்தது. பின்பக்கத்துத் தொட்டியைக் கழற்றிவிட்டு இரும்புச் சட்டம் அடித்து, தகடு போர்த்தி, உள்ளே பலகை பாவினார் சித்தப்பா. பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய ஷட்டர் ஜன்னல்கள் வந்தன. ரயிலில் இருப்பது போல இரண்டு பக்கமும் மடக்குக் கட்டில்கள். கூரையில் கறுப்புப் பெயிண்ட் அடித்த தண்ணீர் டிரம். வெயிலில் தண்ணீர் தானே சுட்டுக்கொள்ளும் என்றார். பார்க்காதே பார்க்காதே என்று சொல்லச் சொல்ல வெல்டிங்கைப் பார்த்துக் கண் வீங்கி, நான் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

வண்டி என்பதால் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. வீடு மாதிரி ஆக ஆக ஆளாளுக்கு நாட்டாமை செய்ய வந்துவிட்டார்கள். சாமி படம் இல்லாத இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்றாள் அம்மா. டிரைவர் உட்காரும் கேபினை ஒட்டிய சுவரில் சாமி தட்டு வந்தது. எவ்வளவு குலுங்கினாலும் படம் விழாதபடி நான்கு போல்ட்டும் வந்தது. அப்பா பூகோள வாத்தியார். அவருக்குத் திசைக் கவலை. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பதில் அவர் பிடித்த பிடியை விட மாட்டார்.

“ஓடுற வண்டியில வடக்கு ஏது, தெக்கு ஏது அண்ணாச்சி?”

“ஓடும்போது யாருடே படுக்கா? நிக்கும்போது பார்த்து நிப்பாட்டு.”

சாமிப் பக்கம் கால் நீட்டக் கூடாது என்பதால் எல்லாக் கட்டிலுக்கும் தலைமாடு கேபின் பக்கம்தான். ஆகவே வண்டியின் மூஞ்சி கிழக்கே இருக்கலாம், மேற்கே இருக்கலாம், தெற்கே இருந்தால் ரொம்ப நல்லது. வடக்கே மட்டும் கூடாது. சித்தப்பா எங்கள் எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டினார். அவர் சுபாவம் அது.

எதுவுமே கேட்காதவள் சித்தி ஒருத்திதான். வேலை நடக்கும்போது மதில் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவளுடைய அண்ணன் துபாயில் இருந்தார். விசா எடுத்துத் தருவதாகக் கடிதம் எழுதியிருந்தார். வண்டிக்கு நீலப் பெயிண்ட் அடித்து முடித்த அன்று, எல்லோரும் இருக்கும்போது சித்தி சொன்னாள்:

“ஆடி அமாவாசைக்கு இந்த லாரி நம்ம அஞ்சு பேரையும் அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோயி, அஞ்சு நாள் வச்சிருந்து, பத்திரமாத் திரும்பக் கொண்டாந்து விடட்டும். பொறவு நான் வாயே தெறக்க மாட்டேன். வழியில எங்கயாவது மாட்டிக்கிட்டுதுன்னா, இதப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு நீங்க துபாய்க்குப் பொறப்படணும். அத்தான், அக்கா, நீங்கதான் சாட்சி.”

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே “சரி” என்றார்.

வீட்டில் என்னை ஒரு ஆளாக மதித்துப் பேசுகிறவர் அவர் மட்டும்தான். ஸ்பானரை நீட்டி, “ஏட்டி, இது பதிமூணா பதினாலா, நீயே சொல்லு” என்று கேட்பார். நான் சொன்ன பிறகுதான் மாட்டுவார். அவரை ஒரு விமானம் கொண்டுபோய்விடும் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சித்தி மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துக்கு மேலே, காட்டுக்குள், தாமிரபரணிக் கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு எங்கள் பக்கத்து ஜனம் சட்டி பானையோடு போய்விடும். கம்பு ஊன்றி, ஓலை வேய்ந்து, நாள்கணக்கில் அங்கேயே குடியிருக்கும். எங்களுக்குத்தான் குடிசை வேண்டாமே. அந்த மிதப்பில் அம்மா ஆட்டுக்கல்லையே கிளப்பிவிட்டாள். வைக்கத்தான் இடமில்லை. சித்தப்பா முதல் ஆளாக ஏற்றியிருந்த சாமான் இரண்டு நீள இரும்புத் தகடுகள். மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் போடுவதற்கு என்று ஓட்டை போட்டுச் செய்தவை. “காட்டுல என்ன மணலு?” என்று சொல்லிக்கொண்டே அம்மா அவற்றை இறக்கி மதிலில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் ஆட்டுக்கல்லை வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஐந்து நாளும் தோசை கிடைக்கும் என்பதால் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

வண்டி ராஜநடை போட்டது. சேரன்மகாதேவியிலும் அம்பாசமுத்திரத்திலும் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து பார்த்தார்கள். மலை ஏற்றத்தில் பஸ்ஸே முக்கும் வளைவில் எங்கள் லாரி முனகாமல் ஏறியது. ஜன்னலோரம் இருந்த சித்தியின் முகத்தில் சாரல் அடித்தது. அவள் துடைக்கவில்லை. லேசாகச் சிரித்தது போலவும் இருந்தது. அதைச் சித்தப்பாவுக்கு விழுந்த ஓட்டாக நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். குடிசைகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மேடு கிடைத்தது. கெட்டியான தரை. நிறுத்தியதும் அம்மா சாமி தட்டில் விளக்கேற்றினாள். சமைத்தோம், சாப்பிட்டோம். பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளே ஏறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் படியில் நின்று எல்லோரையும் அதிகாரம் செய்தேன். நாலு மணி வாக்கில் அப்பா பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார்.

“ஏலே, வண்டி நேரா வடக்கப் பார்த்துல்லா நிக்கி!”

“இன்னைக்கு ஒரு ராத்திரி மாத்திப் படுத்துக்கிடுவோம் அண்ணாச்சி.”

“மாத்திப் படுத்தா காலு சாமிக்கு நேரா வரும்” என்றாள் அம்மா.

“படத்தக் கழத்தி இந்தப் பக்கம் வச்சிருவோமா மதினி?”

“வெளக்கு எரியும்போது படத்தக் கழத்துதா? நல்லா இருக்கே!”

சித்தப்பா ஆற்றையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இடத்தில் திருப்புவது சரியில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அண்ணனும் மதினியும் சொல்லிவிட்டார்களே. ஏறி உட்கார்ந்து பின்னால் எடுத்தார். எட்டடி நன்றாகத்தான் போனது. அதற்கப்புறம் புல் முளைத்த தரை என்று நாங்கள் நினைத்தது தரையே இல்லை. சாரலில் ஊறிய ஆற்று மணல். பின்சக்கரம் ‘சொத்’தென்று இறங்கியது. முன்சக்கரத்துக்கும் விசை கொடுத்தார். அதுவும் சேர்ந்து இறங்கியது.

மேலே மலையில் மழை பிடித்திருந்தது போல. ஆற்றின் நிறம் மாறியது. “தண்ணி கலங்கி வருது, ஏறுங்க, கரையேறுங்க!” என்று குளித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். சித்தப்பா ஓடிவந்து, உள்ளே இருந்த அம்மாவையும் என்னையும் இறக்கிக் கரையில் விட்டார். திரும்ப உள்ளே போய், தகடுகளை வைத்த இடத்தில் கையை விட்டார். அங்கே ஆட்டுக்கல் இருந்தது. ஒரு நிமிஷம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மண்டி போட்டு, சக்கரத்தடியில் மணலை வார ஆரம்பித்தார். வார வாரத் தண்ணீர் நிரம்பியது.

“ஆளக் கூப்பிடுலே!” என்று கத்தினார் அப்பா.

“யாரும் வரமாட்டாங்க அண்ணாச்சி.”

கூப்பிடு தூரத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். குடிசைகளில் அடுப்புப் புகை தெரிந்தது. அவரோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மணலை வாரினார். என்ன ஒரு வீம்பு இந்த மனுஷருக்கு என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஓடியது சித்தி. வண்டி போனால் ஜெயிக்கப்போகிறவள் அவள்தான். பேசாமல் நின்றிருந்தாலே போதும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடிசைகளைப் பார்த்து ஓடினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

“அண்ணாச்சி! எங்க வண்டிய ஆறு கொண்டுபோவுது, ஓடியாங்க! ஓடியாங்க அண்ணாச்சி!”

கையில் சோற்றோடு இருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். அதில் ஏழெட்டுப் பேர் நெல்வேலி டவுன்காரர்கள். ஆனித் திருவிழாவில் தேருக்குத் தடி போடுகிறவர்கள். நகராத தேரின் சக்கரத்தடியில் மரத்தைக் கொடுத்து, மறுமுனையில் ஏறி மிதித்து நகர்த்துவது அவர்கள் வேலை. தலைப்பாகை கட்டிய ஒருவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். “இது என்ன, நம்ம தேர விடக் கனமா? ஏலே, குடிசைக்கு வச்ச மரத்த உருவிட்டு வா!” என்றார். தங்கள் குடிசைக் கம்புகளையே பிடுங்கி வந்தார்கள். சக்கரத்துக்கு ஒரு தடி, தடிக்கு நாலு ஆள். முன்னால் கயிற்றில் நாற்பது பேர், பெண்கள் உட்பட. சித்தப்பாவைத் தூக்கி ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார்கள். “மிதி!” என்றதும் தடிகளில் ஏறிக் குதித்தார்கள். கயிறு விறைத்தது. இரண்டு முறை வண்டி அசைந்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தது. தண்ணீர் அதற்குள் படிக்கு ஏறிவிட்டது. மூன்றாவது முறை மொத்தக் காடும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். லாரி மேட்டில் ஏறி நின்றது.

“வீட்டையே ஓட்டிக்கிட்டு வந்தீரு, சரி. அத ஆத்துல குளிப்பாட்டணுமாவே?” என்று தலைப்பாகைக்காரர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா காப்பி போடுகிறேன் என்றதற்கு, இருக்கட்டும் தாயி என்று கம்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிடுங்கிய குடிசைகளைத் திரும்பக் கட்ட வேண்டுமே.

சித்தப்பா லாரிப் படியில் உட்கார்ந்து, முகத்தை மறைக்காமல் அழுதார். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பந்தயத்தில் தோற்றுவிட்டார், துபாய்க்குப் போகவேண்டும், அதற்குத்தான் அழுகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. சித்தியின் சேலையைப் பிடித்து இழுத்து, “லாரி அதுவாத்தான் வந்துச்சு சித்தி, அவங்க சும்மா பிடிச்சாங்க, போகச் சொல்லாதீங்க” என்று கூசாமல் பொய் சொன்னேன். அவள் காதில் அது விழவே இல்லை.

“நாந்தான் தம்பி பாவி. தகட்ட எறக்கி வச்சிட்டேன்” என்றாள் அம்மா.

சித்தப்பா தலையை ஆட்டினார். “அதுக்கில்ல மதினி.” சக்கரத்தைக் காட்டிச் சொன்னார்: “குவைத்துல இருந்து வரும்போது ஒரு வண்டி மணல்ல இப்படிப் புதைஞ்சு கெடந்துது. பொம்பள, பிள்ளையோட பத்துப் பதினஞ்சு பேரு. எறங்கி நின்னு கையக் காட்டுனாங்க. நிப்பாட்டுனா நம்ம வண்டியும் புதைஞ்சிரும், நிப்பாட்டாதன்னு உள்ள இருந்தவங்கல்லாம் சத்தம் போடுதாங்க. நாந்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். நிப்பாட்டல மதினி. போயிட்டேன்.”

சித்தி அந்த ஈரப்படியில் அவரை ஒட்டி உட்கார்ந்து, மணல் அப்பிய அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா அம்மா இருக்கிறார்களே என்று பார்க்கவில்லை. துபாய்ப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை. லாரி ஜெயித்துவிட்டது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் அன்று அந்தப் படியில் எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. ஒரு வண்டியை நிறுத்தாமல் போனதற்கா இவ்வளவு அழுகை? எங்கள் பள்ளிக்கூட நிறுத்தத்தில் தினமும் நாங்கள் கை காட்டுவோம். பாதி நாள் பஸ் நிற்காமல்தான் போகும். அடுத்ததில் ஏறி வீட்டுக்கு வருவோம். அவ்வளவுதானே. அவர் கலங்குவது தாங்காமல் பக்கத்தில் போய், “அழாதீங்க சித்தப்பா. உங்களுக்குப் பின்னால வேற வண்டி வந்துருக்கும்லா?” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வந்துருக்கும்ட்டி” என்றார்.

அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.