நாற்பத்தொன்பதாவது நாள்

குழாயை நீட்டி ஊதச் சொன்னார் போலீஸ்காரர். மலேசியாவின் கிள்ளானில் ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணி. கல்யாண விருந்திலிருந்து திரும்பும் வழியில் சாலைத் தடுப்பில் காரை மோதியிருந்தேன். பின்னிருக்கையில் என் ஆறு வயது மகள் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குக் கீறல்கூட இல்லை என்று சொல்லியே பல நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வழக்குப் பதிவானது. தொழிற்சாலை வேலையிலிருந்து நேராகக் காவல் நிலையம் வந்தாள் என் மனைவி புஷ்பா. "இனிமே உங்க வண்டியில நானும் ஏற மாட்டேன், பிள்ளையையும் ஏத்த மாட்டேன்," என்றாள். சத்தமே போடவில்லை.

ஆனாலும் என்னை ரோஷம் விடவில்லை. நானா குடிகாரன்? ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து காவடி எடுக்கிறவன். அத்தனை நாளும் ஒரு சொட்டுத் தொடமாட்டேன்.

மருத்துவரைப் பார்க்கச் சொன்னவர் வழக்கறிஞர். நீதிபதியிடம் நல்ல பெயர் கிடைக்கும் என்றுதான் போனேன். மருத்துவர் இளம்பெண். என் விரதப் பெருமையை அவிழ்த்துவிட்டேன்.

"விரதம் ஆரம்பிச்ச முதல் மூணு நாலு நாள் எப்படிண்ணே இருக்கும்?"

"கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. அருள் இறங்குது டாக்டர். எங்கம்மா உடனே விபூதி பூசிருவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "சாமிய நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இது வித்ட்ராவல் லா. சரி, நாற்பத்தொன்பதாவது நாள் என்ன செய்வீங்க?"

அந்த நாளுக்கென்று விரதத்தின்போதே பீர் வாங்கி ஐஸ்பெட்டியில் அடுக்கிவிடுவேன்.

வித்ட்ராவல் (பழகிய குடியைச் சட்டென்று நிறுத்தும்போது உடல் படும் அவதி) சிலருக்கு வலிப்புவரை போகுமாம். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: என்னைப்போல் வீராப்பாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் போய், அவர் தரும் மாத்திரையோடு நிறுத்துங்கள். நானும் இந்த முறை அப்படித்தான் நிறுத்தினேன்.

நீதிமன்றம் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்தது. சனிக்கிழமை காலைகளில் ரயிலேறிக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போனேன். குடியை விட்டவர்கள் அங்கே ஓர் அறையில் கூடுவார்கள். முதல் நாள் கடைசி நாற்காலியில் தலையைக் குனிந்தபடி இருந்தேன்.

"வெக்கப்படாதீங்கண்ணே, இங்க யாரும் மாப்பிள்ளை பார்க்க வரல," என்றார் பக்கத்திலிருந்த பேருந்து ஓட்டுநர்.

சிரித்துவிட்டேன். அன்றே எழுந்து, பின்னிருக்கையில் அழுத மகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நானும் அழுதேன்.

தீபாவளிக்கு ஒருமுறை சறுக்கினேன். புஷ்பா கண்டுபிடிக்கும் முன் நானே சொன்னேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன். நீங்களும் சறுக்கினால் போங்கள், கதவை யாரும் சாத்துவதில்லை.

இப்போது காலையில் பசிக்கிறது. இந்தப் பசி இத்தனை ஆண்டு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. குடித்த காலத்தில் ஞாயிறு மதியத்தோடு முடிந்துவிடும். இப்போது அது நீண்டுகொண்டே போகிறது, நானும் மகளோடு சேர்ந்து நீச்சல் பழகுகிறேன். அவள்தான் வேகம்.

போன மாதம் உரிமம் திரும்பக் கிடைத்தது. புஷ்பாவை நான் அழைக்கவில்லை. போன ஞாயிறு அவளாகவே மகளைப் பின்னால் உட்காரவைத்து, முன்னால் ஏறினாள். இருக்கை வார்ப்பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். ஷா ஆலம்வரை சாலையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

தூங்கிவிட்டிருந்தாள்.