அம்மாவின் தோட்டத்து ஓடுகள்

கொலோனில் ரயில்பாதையோரம் நடக்கும் அகழ்வைப் பார்க்க அம்மாவுடன் போயிருந்தேன். ஈரமண் மணம் மூக்கில் ஏறியதும் குழிகள் மறைந்து, என் சின்ன வயதில் அதே இடத்தில் அம்மா வாடகைக்கு வைத்திருந்த தோட்டம் வந்துவிட்டது: ரயில் போகும்போதெல்லாம் நடுங்கும் பாவற்பந்தல், பக்கத்துத் தோட்டத்து ஜேர்மன் தாத்தாவின் ரேடியோ, மண்வெட்டி ரோமர் காலத்து ஓட்டில் உரசும் சத்தம், அந்த ஓடுகளை ஒரு மரியாதையுமில்லாமல் மிளகாய்ச்செடிச் சாடிகளுக்கு அடியில் தண்ணீர் வடியப் போட்டுவிட்டு அம்மா தேத்தண்ணி ஊற்றித் தருகிற பின்னேரங்கள்.

அகழ்வில் வேலைசெய்யும் பெண், அடி கருகிய சட்டித்துண்டு ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்திக் காட்டினாள். ரோமர்களின் சமையல்சட்டியாக இருக்கலாம், இப்படியொன்று இங்கே கிடைத்ததேயில்லை என்றாள்.

அம்மா என் காதோரம் குனிந்தார். "உது என்ரை சட்டி பிள்ளை. யாழ்ப்பாணத்திலையிருந்து சீலைக்குள்ளை சுத்திக் கொண்டுவந்தது. உடைஞ்ச அண்டைக்கு நான்தான் பாவலுக்குக் கீழை மண்ணுக்குள்ளை தாட்டனான்."

"சொல்லட்டோ?"

அம்மா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேண்டாம். அதிலை என்ன சமைச்சவை எண்டு மட்டும் கேள்."

கேட்டேன். ரைன் நதி பக்கத்தில்தானே, மீனாக இருக்கும் என்றாள்.

"கெட்டிக்காரி," என்றார் அம்மா.