கறுப்புக் கரைக்குள் விழுந்த பெயர்

பிரிண்டரிலிருந்து சூடாக வரும் தாளின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் ஒரு கல்யாணப் பத்திரிகை நினைவுக்கு வரும். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அம்மா நடத்திய கடையில் ஒரு பழைய பிரிண்டர் இருந்தது. எதை அடித்தாலும் எழுத்தை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும் பிடிவாதக் கழுதை அது. அதனால் நல்ல அட்டையைத் தொடுமுன் வீணாய்ப்போன தாளின் வெற்றுப் பக்கத்தில் அடித்து, அதை அட்டையோடு சேர்த்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, எவ்வளவு தள்ளியிருக்கிறதென்று பார்த்துக் கம்ப்யூட்டரில் ஓரத்தைத் திருத்துவாள் அம்மா. "மொதத் தாளு குப்பைத் தாளாத்தான் இருக்கணும்" என்பது அவள் சட்டம். அந்தத் தாளை எடுத்து வைப்பது பத்து வயதில் என் அதிகாரம்.

எறையூரிலிருந்து கரும்பு விவசாயி ஒருவர் மகளோடு கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். மனைவி இறந்து வருஷம் திரும்புவதற்குள் மகள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டிய அவசரம் அவருக்கு. இறந்த தன் அம்மாவின் பெயரும் அதில் வர வேண்டுமென்று அந்த அக்கா கெஞ்சிக்கொண்டிருந்தாள். "நல்ல காரியத்துல போனவங்க பேரு வேணாம்மா" என்று அவர் ஒரே பிடியாக நின்றார்.

அவர்களை வேடிக்கை பார்த்தபடி நான் குப்பைத் தாளை, வெற்றுப் பக்கத்துக்குப் பதில் அடித்த பக்கம் வரும்படி புரட்டி வைத்துவிட்டேன். வெளியே வந்த தாளை எடுத்துப் பார்த்தேன். சுற்றிலும் கறுப்புக் கரை. சில மாதங்களுக்கு முன் எங்கள் கடையிலேயே இவர்களுக்கு அடித்த கருமாதிப் பத்திரிகையில் கழித்துப்போட்ட தாள் அது. மேலே அந்த அக்காவின் இறந்துபோன அம்மா பெயர், அதன் கீழே கல்யாணப் பெண்ணின் பெயர்.

"அய்யோ சாமி!" என்று அவர் பெஞ்சில் சரிந்தார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத் தாளைக் கிழிக்கப் பாய்ந்தாள். அந்த அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழிக்காதீங்கக்கா. அப்பா, இங்க பாருங்க. அம்மா பேருக்கு நேர் கீழ எம்பேரு."

உண்மைதான். கழுதை இரண்டு பெயர்களையும் ஒரே அளவு இடப்பக்கம் இழுத்திருந்தது. அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ பேரையும் போட்டுருங்க, தங்கச்சி" என்றார்.

அம்மா ஓரத்தைத் திருத்தி இரண்டு பெயர்களையும் நட்டநடுவில் நிறுத்தினாள். கறுப்புக் கரைத் தாளை அந்த அக்கா மடித்து எடுத்துப் போனாள்.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. பத்திரிகையும் போனிலேயே வந்துவிடுகிறது. பெரம்பலூரில் என் ஆபீஸ் பிரிண்டர் ஒரு பொத்தானில் தன்னைத்தானே நேராக்கிக்கொள்கிறது. அதற்குக் குப்பைத் தாளே தேவையில்லை. ஆனாலும் தாள் வைக்குமுன் இரண்டு பக்கமும் பார்க்காமல் என்னால் வைக்க முடிவதில்லை. ஒருநாளும் அதில் ஒரு பெயரும் இருந்ததில்லை.