கடலைப் பாக்காத வகுப்பு

அது என்ன உங்களுக்கு அப்பிடியொரு விடுப்பு, ஊர்ப்புதினம் அறியிற ஆசை? கிழவி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போனா போனா... வந்தா வந்தா. உள்ளுக்க என்ன நடந்தது எண்டு தெரியாட்டி உங்கட வீட்டு அடுப்பு எரியாதோ?

போன கிழமை நான் எழுதேல்லை. எழுதேல்லை எண்டா... சொல்லேல்லை. நான் போனில கதைச்சு அனுப்புறதை பேப்பர்க் கந்தோர்ப் பிள்ளையள் எழுதிப் போடுறது உங்களுக்குத் தெரியும்தானே. மூண்டாம் வகுப்போட சிலேட்டைக் கிணத்துக்க போட்டவளுக்கு வேற என்ன வழி?

ஒரு கிழமை என்ர சத்தத்தைக் காணேல்லை எண்டதும் எத்தினை பேர் விசாரிச்சிருக்கிறியள். "அம்மாவுக்குச் சுகமில்லையோ?" எண்டு கேட்ட ஆக்களுக்கு நன்றி. "மற்ற ஆக்களைக் கண்ணை மூடி அமைதியா இருக்கச் சொல்லுற மனிசி, ஸ்கேன் மிசினுக்குள்ள போய்க் கத்தினதாம், மெய்யோ?" எண்டு கேட்ட ஆக்களுக்கும்... சரி, நன்றி. உங்கட நாக்கில வேப்பெண்ணெய்தான் தடவோணும்.

மெய்தான். கத்தினனான். இருங்கோ, சொல்லுறன்.

புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. மன்னார்ப் பள்ளிமுனையில, சனிக்கிழமை பின்னேரங்களில, மாதர் சங்கக் கட்டடத்தில நான் ஒரு வகுப்பு நடத்துறன். தியானம், மூச்சுப் பயிற்சி, மனசுக்குள்ள காட்சி பாக்கிறது... வாசல் பலகையில பெரிய எழுத்தில 'உளநல வகுப்பு' எண்டு கிடக்கு. ஊர்ச்சனம் சொல்லுறது 'நித்திரை வகுப்பு'.

நான் எப்பிடி ரீச்சர் ஆனனான் எண்டு கேக்கிறியளோ? முந்தி ஒருக்கா கொழும்பால ஒரு குழு வந்து பயிற்சி தந்தது. படிச்ச பிள்ளையளைத்தான் கூப்பிட்டவை. நான் போனது தேத்தண்ணிக்கும் கேக்குக்கும். பயிற்சி முடிய, படிச்ச பிள்ளையள் ஒவ்வொருத்தியா கலியாணம் கட்டி, வேலை கிடைச்சு, வெளிநாடு போய்... கடைசியில மிஞ்சினது நானும் கேக் தட்டும்.

ஆனா பகிடி இல்லை, அது என்னைத் தூக்கி நிமித்தினது. என்ர மனிசன் மோசம் போய், அவரை அடக்கம் செய்த பிறகு, கனகாலம் நான் ஆரோடயும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. மருமகள் தேத்தண்ணி வச்சா, 'சீனி கூட' எண்டு ஒரு சண்டை. அடுத்த நாள் 'சீனி காணாது' எண்டு இன்னொரு சண்டை. அந்தப் பயிற்சியிலதான் மூச்சை இழுத்து, விட்டு, பிறகு வாயைத் திறக்கப் பழகினனான். இப்பவும் சண்டை பிடிக்கிறனான்தான் — மூச்செடுத்திட்டுப் பிடிக்கிறன். நாலு பேருக்கு முன்னால எழும்பி நிண்டு பேர் சொல்லப் பயந்தவள், இண்டைக்குப் பேப்பரில உங்களுக்கு ஏசுறன். இது வளர்ச்சி இல்லாம வேற என்ன?

வகுப்பில நான் சொல்லுறது இதுதான். கண்ணை மூடுங்கோ. மூச்சை இழுங்கோ... விடுங்கோ. இப்ப நீங்கள் கடற்கரையில நிக்கிறீங்கள். நீலக் கடல். மெல்லிய அலை. உங்கட மனசும் அந்தக் கடல் மாதிரி...

அந்தப் பயிற்சியில கொழும்பு மிஸ் சொல்லித் தந்த அதே வசனம். மாதா கோயில் பூசையில சாமியார் சொல்லுற மாதிரி, ஒரு சொல்லுப் பிசகாமச் சொல்லுவன். அலைச் சத்தமும் என்ர வாயாலயே போடுவன். பெண்டுகள் கண்ணை மூடிக்கொண்டு அப்பிடியே அடங்கிப் போவினம். சில முகங்களைப் பாத்தா, கோயில் சுவரில செட்டையோட கீறின சம்மனசு மாதிரி இருக்கும். எனக்குப் பெருமை எண்டா, அப்பிடியொரு பெருமை.

இனி விசயத்துக்கு வாறன். கொஞ்சக் காலமா எனக்குத் தலைச்சுத்து. எழும்பி நிண்டா நிலம் வள்ளம் மாதிரி ஆடும். ஒருநாள் மன்னார் பஸ் ஸ்ராண்டில விழுந்தே போனன். பக்கத்தில நிண்ட கழுதை — எங்கட ரோட்டு முழுக்கக் கழுதைதானே — திரும்பியும் பாக்கேல்லை. மனிசர்தான் ஓடி வந்து தூக்கினவை. அதுக்கும் நன்றி சொல்லோணும், இந்தக் காலத்தில கழுதைக் குணம்தானே கூட.

டொக்டர் நல்ல மனிசன். ஒளிக்காமச் சொன்னார்: "அம்மா, தலைக்குள்ள ஏதும் வளருதோ எண்டு பாக்கோணும். பாத்தாத்தான் மருந்து சொல்லலாம்."

அதுக்கு யாழ்ப்பாணம் போகோணும். ஸ்கேன் மிசினுக்கு நாள் கிடைக்கிறது லேசோ? காத்திருந்து காத்திருந்து கிடைச்சது. அந்த நாளை விட்டா இனி எப்ப எண்டு தெரியாது. அதுக்கிடையில, வளருறது எண்டு ஒண்டு இருந்தா, அது எனக்காகக் காத்துக்கொண்டு இருக்குமோ?

மகன் தான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு நிண்டவன். வலையில நண்டு நல்லாப் படுற நேரம், நீ கடலுக்குப் போ எண்டு கலைச்சுவிட்டன். என்ர வகுப்புக்கு வாற சுபைதாதான் துணைக்கு வந்தவ. எருக்கலம்பிட்டிக்காரி. பனையோலைப் பாய் இழைக்கிறதில கெட்டிக்காரி. என்னைவிட வயசு குறைவு, வாய் மட்டும் சமன்.

மிசின் அறையில வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பொம்பிளைப் பிள்ளை.

"நகை, ஊசி, கிளிப் எல்லாம் கழட்டுங்கோ அம்மா."

"கழட்டியாச்சு."

"கழுத்தில என்ன?"

"அது செபமாலை."

"அதையும்தான்."

"மாதாவையுமோ பிள்ளை?"

"மாதாவுக்கு ஸ்கேன் தேவையில்லையம்மா. உங்களுக்குத்தான்."

எனக்கு அந்தப் பிள்ளையை அப்பவே பிடிச்சுப் போச்சு. செபமாலையைச் சுபைதா வாங்கி, தன்ர ஹேண்ட்பேக்குக்குள்ள, தஸ்பீஹ் மணி கிடந்த சின்னப் பைக்குள்ளயே வச்சா. "ரெண்டும் சேந்து ஓதட்டும், நீங்க போங்க அக்கா" எண்டா.

அந்த மிசினைப் பாத்திருக்கிறியளோ? பாண் சுடுற போறணை அடுப்புத்தான். ஆளைத் தட்டில படுக்க வச்சு உள்ளுக்க தள்ளுறது. தலைக்கு மேல ஒரு கூடு. கையில ஒரு ரப்பர்ப் பந்து தந்தவை. "தலை அசையக் கூடாது. ஏலாட்டி இதை அமத்துங்கோ அம்மா."

"எனக்கு இது தேவைப்படாது பிள்ளை. நான் ஊருக்கே படிப்பிக்கிறனான்" எண்டு சொன்னனான். வாய்க்கொழுப்பு சீலையால வடியிறது எண்டு சொல்லுவினமே, அது.

உள்ளுக்க போனன். கண்ணை மூடினன். மூச்சை இழுத்தன்... விட்டன். நீலக் கடல் வந்தது. மெல்லிய அலை வந்தது.

கடலைக் கண்டதும் என்ர கண் என்ன செய்தது? படகைத் தேடினது.

மகன்ர படகு எங்க? விடிய முதல் போனவன். காத்து எந்தப் பக்கத்தால? அலை மெல்லிசுதான், சரி... ஏன் ஒரு படகையும் காணேல்லை? கொழும்பு மிஸ் சொல்லித் தந்த கடலில படகே இல்லை. வெறுங்கடல். எங்கட ஊரில வெறுங்கடலைப் பாத்துக்கொண்டு ஆர் அமைதியா இருக்கிறது? என்ர நெஞ்சு ஒரு பக்கம் இடிக்குது, மிசின் மற்றப் பக்கம் டக் டக் டக் எண்டு இடிக்குது. பந்தை அமத்தினனான் எண்டு சொல்ல ஏலாது, பிழிஞ்சனான். "எடுங்கோ என்னை, வெளியில எடுங்கோ" எண்டு நான் போட்ட சத்தம் வாசலில இருந்த ஆக்கள் எல்லாருக்கும் கேட்டது. அதில ஒருத்தர்தான் உங்களுக்கு வந்து சொன்னது போல.

அந்தப் பிள்ளை ஒரு சுடு சொல்லுச் சொல்லேல்லை. "கன பேருக்கு இப்பிடித்தான் அம்மா. தண்ணி குடிச்சிட்டு இருங்கோ. மற்ற ஆக்களை முடிச்சுப்போட்டு, கடைசியில இன்னொருக்காப் பாப்பம்." பிறகு, "அதுவும் ஏலாட்டி வேற நாள்தான் எடுக்கோணும்" எண்டா.

வெளியில கிடந்த வாங்குப் பலகையில குந்தினன். சுபைதா என்னைப் பாத்தா. சிரிப்பை அடக்குற முகம்.

"என்னக்கா, கடலைப் பாக்கேல்லையா?"

"பாத்தனான். அதாலதான் கத்தினனான்."

"கடலையா பாத்தீங்க?" அவவின்ர முகத்தில இருந்த சிரிப்புப் போயிட்டுது. "அல்லாவே... அதை ஏன் பாத்தீங்க?"

"பிறகு? அதைத்தானே நான் வகுப்பில சொல்லுறனான்."

"சொல்லுறீங்கதான்..."

"என்னடி இழுவை? சொல்லு."

"கோவிக்க மாட்டீங்கதானே?"

"கோவிப்பன். சொல்லு."

"நாங்க ஒருத்தரும் பாக்கிறேல்லை அக்கா. முதல் கிழமை பாத்தம். ராணிக்கு நெஞ்சு படபடத்துப் போச்சு, புருசன் கடலில நிண்ட நேரம். எனக்குக் கடலுக்குப் போய் மவுத்தான வாப்பாட ஞாபகம் வந்திட்டு. பிறகு வெளியில நிண்டு எல்லாரும் கதைச்சு, கடல் நமக்குச் சரிவராது எண்டு முடிவெடுத்திட்டம்."

"எனக்குத் தெரியாமக் கூட்டம் வச்சு முடிவெடுத்தனியளோ?"

"உங்களுக்குச் சொன்னா மனசு நோகுமே. நீங்க எவ்வளவு அழகாச் சொல்லுறீங்க. அலையெல்லாம் சத்தத்தோட."

"அப்ப இவ்வளவு காலமும் கண்ணை மூடிக்கொண்டு என்னடி செய்தனியள்?"

"நான் பாய் இழைக்கிறன். ஒரு ஓலை மேல, ஒரு ஓலை கீழ... நீங்க கண்ணைத் திறக்கச் சொல்லேக்க ஒரு முழம் வந்திருக்கும். ராணி அரிசியில கல்லுப் பொறுக்கிறா. கிறிஸ்ரின் விளக்குமாத்தால முத்தம் கூட்டுறா. வீட்டில கூட்டினா பேரப்பிள்ளையள் திருப்பிக் குப்பை போடுதாம், இஞ்ச கண்ணுக்குள்ள போட ஆளில்லையாம்."

அந்தச் சம்மனசு முகமெல்லாம்... நான் கடலைக் காட்ட, அவளவை முத்தம் கூட்டியிருக்கிறாளவை. முதல் கோவம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. நான் சிரிச்ச சிரிப்பில, பக்கத்தில இருந்த மனிசன் எழும்பித் தள்ளிப் போய் இருந்தார்.

யோசிச்சுப் பாருங்கோ. கொழும்புச் சனத்துக்குக் கடலெண்டா ஞாயிற்றுக்கிழமை, இறால் வடை, பட்டம். எங்களுக்குக் கடலெண்டா கந்தோர், வேலை செய்யிற இடம். கந்தோரை நினைச்சா ஆருக்காவது மனசு ஆறுமோ? கந்தோரில நித்திரை கொள்ளுற ஆக்களும் இருக்கினம்தான்... அது வேற கதை, அரசாங்கக் கச்சேரிப் பக்கம் போய்க் கேளுங்கோ.

"அப்ப நான் எதையடி பாக்கிறது?" எண்டு கேட்டன்.

சுபைதா என்ர பக்கம் திரும்பினா. "எந்த வேலை செய்யேக்க நீங்க வாயை மூடிக்கொண்டு இருப்பீங்க?"

கேள்வியைப் பாருங்கோ. நானும் நல்லா யோசிச்சன். சமைக்கேக்க கதைக்கிறன். உடுப்புத் தோய்க்கேக்க கதைக்கிறன். கோயிலிலயும் கதைக்கிறன், சாமிக்குத் தெரியும். ஒரேயொரு வேலைதான் மிஞ்சினது — வலையில சிக்கின நண்டைக் கழட்டுறது. அதில பராக்குப் பாத்தா விரல் போயிடும்.

எல்லாரும் முடிய என்னைத் திரும்பப் போறணைக்குள்ள தள்ளினவை.

கண்ணை மூடினன். மூச்சை இழுத்தன், விட்டன். மணலில குந்தினன். எனக்கு முன்னால வலைக் குவியல். மிசின் டக் டக் எண்டது — அது பக்கத்து மீன் வாடிக் கொட்டிலில ஐஸ் உடைக்கிற சத்தம், உடைக்கட்டும். ஒரு நண்டை எடுத்தன். பின்னங்காலில நூல் சுத்திக் கிடந்தது. இழுக்கக் கூடாது. இழுத்தா கால் உடையும், கால் உடைஞ்ச நண்டை, வாங்க வாற கொம்பனிக்காரன் எடான். வலையும் கிழியக் கூடாது. நூலை மெல்லத் தளத்தி, ஒரு கால்... அடுத்த கால்... கடைசியாக் கொடுக்கு. கூடையில போட்டன். அடுத்த நண்டு.

அப்பதான் எனக்கு விளங்கினது. நண்டு என்ர கையில இருக்கெண்டா, படகு கரைக்கு வந்திட்டுது எண்டுதானே அர்த்தம்? தேட ஒண்டுமில்லை. மகன் எனக்குப் பின்னால எங்கயோ நிண்டு கால் கழுவுறான். நான் திரும்பிப் பாக்கவும் தேவையில்லை.

எவ்வளவு நேரம் போனதெண்டு தெரியாது. வெளியில இழுக்கேக்க எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது, இன்னும் பாதி வலை கிடந்தது.

"படம் நல்லா வந்திருக்கம்மா. தலை கொஞ்சமும் அசையேல்லை" எண்டா அந்தப் பிள்ளை. "விரல் மட்டும் என்னமோ செய்துகொண்டே இருந்தது."

"நண்டு கடிக்கும் பிள்ளை. விரலைச் சும்மா வச்சிருக்க ஏலுமோ?"

அவ சுபைதாவைப் பாத்தா. "இவ வகுப்பு எடுக்கிறவ" எண்டு சுபைதா சொன்னா, அதுதான் என்ர நோயின்ர பேர் எண்ட மாதிரி.

இந்தக் கிழமைதான் டொக்டர் படத்தைப் பாத்துச் சொன்னவர். தலைக்குள்ள ஒண்டும் வளரேல்லை. காதுக்குள்ளதான் கோளாறாம், அதாலதான் சுத்துதாம். மருந்துக் குளிசையும் தந்து, கழுத்துக்கு ஒரு பயிற்சியும் காட்டித் தந்தவர். நான் கதிரையில இருந்தபடியே அழுதிட்டன். அவர் பயந்து போய், "நல்ல செய்திதானே அம்மா" எண்டார். நல்ல செய்திக்கும் அழாட்டி, கண்ணீரைச் சேத்து வச்சு என்ன செய்யிறது?

ஆருக்கு ஆருக்கு நன்றி சொல்லுறது? மாதாவுக்கும் அல்லாவுக்கும் ஒரே பைக்குள்ள வச்சே சொல்லியாச்சு. கத்தின கிழவியைக் கலைக்காமத் தண்ணி தந்த பிள்ளைக்கு. கொழும்பு மிஸ்ஸுக்கும்தான் — கண்ணை மூடவும் மூச்சை விடவும் அவதானே சொல்லித் தந்தவ. எதைப் பாக்கிறது எண்டது மட்டும் அவவிட்ட இருக்கேல்லை, எங்களிட்டத்தான் இருந்தது. வாழ்நாளில சும்மா இருந்து பழகாத பொம்பிளையளை, கண்ணை மூடினதும் சும்மா இரு எண்டா மனசு எங்க போய் இருக்கும்? அதுக்குக் கையில ஒரு வேலை குடுக்கோணும். பதறாத வேலை, பழகின வேலை. குடுத்தா அது தன்ர பாட்டில அடங்கும்.

எல்லாத்துக்கும் மேல, என்ர பெண்டுகளுக்கு. எனக்கு மனசு நோகும் எண்டு, பாக்காத கடலைப் பாத்த மாதிரி இருந்து, கிழமைக்குக் கிழமை வந்தாளவையே... இதைவிட என்ன மரியாதை வேணும் ஒரு ரீச்சருக்கு?

டொக்டரைப் பாத்திட்டு பஸ்ஸால இறங்கி வர, அயல் சனம் வேலியடியில நிண்டது. செய்தியைச் சொன்னன். சந்தோசப்பட்டவை. பிறகு ஒருத்தி, இவ்வளவு நாளும் 'நித்திரை வகுப்பு' எண்டு நக்கலடிச்சவள், "அக்கா, சனிக்கிழமை நாங்களும் வரலாமோ?" எண்டு கேட்டாள்.

நான் அவையளுக்குச் சொன்னது இதுதான்: "வாங்கோ. கண்ணை மூடுங்கோ, மூச்சை இழுங்கோ, விடுங்கோ. அதுக்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் கேக்காதேங்கோ."