இருபத்து மூன்று உறுப்பினர்களும் ஒரு பொதுஜனமும்

அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில் பெல்லோஸ் கோர் என்ற சின்ன ஊரில் லொரெய்ன் கான்யோன் பனி தள்ளும் வண்டி ஓட்டினாள். ஊர்மன்றத்தில் முப்பது வருஷமாக மூன்றே உறுப்பினர்கள், மூவரும் புரூயிட் சகோதரர்கள். அவரவர் வீட்டுச் சாலை கண்ணாடி மாதிரி இருக்கும். மற்ற சாலைகளின் லட்சணம் லொரெய்னின் இடுப்புக்குத்தான் தெரியும்.

"ஒவ்வொரு சாலைக்கும் ஒரு உறுப்பினர் வேணும்" என்று வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. சாலைகள் இருபத்து மூன்று, வாக்காளர்கள் இருபத்து நான்கு பேர். இதை யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு சாலைகளில் சாலைக்கு ஒரே வீடு, வீட்டுக்கு ஒரு தனிக்கட்டை. அவர்கள் தங்களுக்கே ஓட்டுப் போட்டு ஜெயித்தார்கள். லொரெய்னின் சாலையில் மட்டும் இரண்டு பேர்: அவளும், ஆடு வளர்க்கும் எவரெட் திபோவும். ஓட்டு ஒன்றுக்கு ஒன்று, சமம். தொப்பியில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். எவரெட் பெயர் வந்தது.

முதல் கூட்டத்தில் மேடை கொள்ளாமல் இருபத்து மூன்று உறுப்பினர்கள். எதிரே ஒரு மடக்கு நாற்காலியில் லொரெய்ன். அவள் இருமினாள்.

"பொதுமக்கள் அமைதி காக்கணும்!" என்றார் தலைவர் ஹாலிஸ் புரூயிட்.

பொதுமக்கள் இல்லாமல் கூட்டம் செல்லாது என்பது விதி. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மன்றமே அவள் படுக்கையைச் சுற்றி நின்று, வடிகால் பற்றி இரண்டு மணி நேரம் விவாதித்தது. ஆளாளுக்குச் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பலகாரம் வாசலில் குவிந்தது.

"உன்னைக் கேக்காம கை தூக்க மாட்டேன், லொரெய்ன்" என்றான் எவரெட்.

"முதல்ல உன் ஆட்டைக் கட்டிப் போடு. என் முட்டைக்கோசு பூரா போச்சு!"

இலையுதிர்காலத்துக்குள் எல்லாச் சாலையையும் செப்பனிட்டாயிற்று. குறை சொல்ல ஒன்றுமில்லாமல் அவளுக்குத்தான் வாய் நமநமத்தது. ஆனாலும், தான் தலையசைத்தால் இருபத்து மூன்று பேனா எழுதுவதில் உள்ளூரக் குளிர்ச்சி.

அடுத்த வசந்தத்தில் டெல்ஃபீன் என்ற நர்ஸ் குடிவந்தாள். கூட்டத்தில் இரண்டாவது நாற்காலி முளைத்தது. தெருவிளக்கு வேண்டும் என்றாள் லொரெய்ன். விளக்கு வந்தால் நட்சத்திரம் தெரியாது என்றாள் டெல்ஃபீன்.

ஹாலிஸ் கலவரத்துடன் குறிப்பேட்டில் எழுதினார்: "மக்களிடையே கடும் பிளவு." கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே வந்ததும் லொரெய்ன் டெல்ஃபீனை மடக்கினாள். "அடுத்த தேர்தல்ல நீ நிக்கலாமே?"

"ஐயோ, நான் எதுக்கு? உங்கள மாதிரி சும்மா பொதுஜனமா இருந்துட்டுப் போறேன்."

"அதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, லொரெய்ன் வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தினாள்.