வேலி இல்லாத மலை

அந்த மலையில் வேலி கிடையாது. எந்தப் பண்ணையின் ஆடு எதுவரை மேயலாம் என்பது ஆட்டுக்கே தெரியும். தாயோடு திரிந்து குட்டி கற்றுக்கொள்ளும். அப்படிப் பழகிய நிலத்துக்கு இங்கிலாந்தின் கம்பர்லாந்தில் ‘ஹீஃப்’ என்று பெயர். நோய் பரவி அரசாங்கம் மந்தைகளைச் சுட்டு எரித்த வருடம், ஆக்னஸ் ப்யூஷரின் ஆடுகளோடு அந்த அறிவும் எரிந்துபோனது.

புதிதாக வாங்கிய ஆடுகளுக்கு மலை வெறும் புல். எல்லை தாண்டுவதை யாராவது நின்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் இறந்தபின் வீட்டில் வேறு ஆள் இல்லை. கோடை முழுக்க நாயோடு ஆக்னஸே நின்றாள். எல்லையாக ஓடிய ஓடைக்கு அக்கரையில் அதே வேலையாக, மனைவியை இழந்த வில்ஃப் மௌன்ஸி.

“அம்மணி, உன் கெழட்டு ஆடு விருந்துக்கு வந்திருக்கு!”

“உன் பக்கம் புல்லு ஏது? கல்லுதான். பாவம் பாத்து எட்டிப் பாத்திருக்கும்.”

ஒருநாள் தேநீரைப் பகிர்ந்துகொண்டே சொன்னான்: “ஹீஃப்ங்கிறது அந்தக் காலத்துல கப்பல்ல வந்த நார்வேக்காரங்க வார்த்தையாம். பாதிரியார் சொன்னாரு. ரொம்ப நாள் ஒரே எடத்துல இருந்ததால வர்ற உரிமை.”

“அப்போ நானும் அம்பது வருசமா அந்த வீட்லதானே கெடக்கேன்?”

“உனக்கு இல்லாமலா? ஆனா கூட மேய ஒரு ஆள் வேணும்ல.”

சொல்லிவிட்டு கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

இலையுதிர் காலத்தில் ஆடுகள் ஓடைவரை வந்து, நின்று, தாமாகவே திரும்பின. அக்கரையிலும் அப்படித்தான். இனி யாரும் நிற்க வேண்டாம். மறுநாள் அக்கரை காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும்.

அவன் வீட்டுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? அந்தப் பள்ளத்தாக்கில் காரணமில்லாமல் யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஆனால் எல்லை தாண்டிய ஆட்டைக் கண்டவன் அதை உடையவர் வாசலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அது மலையின் வழக்கம்.

சீட்டியடித்தாள். கோடை முழுக்க ஆடுகளை இக்கரைக்குத் திருப்பியே பழகிய நாய் அவளைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி அடித்தாள். ஐந்தாறு ஆடுகள் ஓடையைத் தாண்டின.

வீட்டுக்கு வந்து தலை வாரிக்கொண்டாள். அடுப்பில் கெண்டியை வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

வெயில் சாயும் நேரத்தில் ஆடுகள் வந்தன. பின்னால் யாருமில்லை. தாமே ஓடையைத் தாண்டி, ஒன்றன்பின் ஒன்றாகத் தம் புல்லில் இறங்கி மேயத் தொடங்கின.

“நல்லாத்தான் கத்துக்கிட்டீங்க,” என்றாள்.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று நாய் வாலாட்டியது.