மூன்றாவது ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு ரிலே

என் கணவர் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே போய், பாறையைத் துளைக்கும் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே பல வருடம் நின்றதில் இரண்டு காதும் மங்கிவிட்டன. ஊர் திரும்பியபோது பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால்தான் கேட்டது. பாட்டில் தாளம் வரும், சொல் வராது. காதுக்குக் கருவி வாங்கினோம். பேச்சுக்கு உதவியது. பாட்டு மட்டும் தகர டப்பாவுக்குள் போட்டு உலுக்குவதுபோல் இருக்கிறது என்று, காரில் ஏறும்போது கழற்றி வைத்துவிடுவார்.

அந்தப் பழைய காரில் முதலில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்தார். பிறகு டிக்கியில் பெரிய ஸ்பீக்கரும் அதற்கு இன்னொரு ஆம்ப்ளிஃபயரும். கடைசியாக ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் அதிரும் கருவி ஒன்று, அதற்கு மூன்றாவது. காதுக்கு வராததை முதுகு வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

மூன்றாவது வந்த வாரம், சூரமங்கலத்தில் ரயில்வே கேட் பக்கம் நின்றிருந்தோம். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள, பாட்டு நின்னுபோச்சா? இல்ல எனக்குத்தான் கேக்கலயா?"

"பாட்டுதானுங்க நின்னுபோச்சு" என்று காதருகே கத்தினேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகும் பாட்டு விட்டுவிட்டு நின்றுபோய்க்கொண்டே இருந்தது. ஆம்ப்ளிஃபயர் மாட்டிக் கொடுத்த கடைக்காரர் பார்த்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர்களை எழுப்பும் ஒயரை நேராக பேட்டரியிலேயே கொடுத்துவிட்டார். பாட்டு நிற்கவில்லை. ஆனால் காரை நிறுத்திய பிறகும் மூன்றும் விழித்தே கிடந்தன. ஒரு காலையில் சாவியைத் திருப்பினால், பேட்டரி தீர்ந்துபோய் கார் முனகக்கூட இல்லை. நான் பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.

எனக்கு வேலை ரயில்வே சிக்னல் பிரிவில். அங்கே நான் தொடும் ரிலே ஒவ்வொன்றும் செங்கல் பருமன். காருக்கான ரிலே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். செய்கிற காரியம் ஒன்றேதான்: சிறிய கரண்ட் வந்து தட்டினால் பெரிய கரண்டுக்கு வழி விடும். பாட்டு செட்டிலிருந்து வரும் மெல்லிய நீல ஒயர் மூன்று ஆம்ப்ளிஃபயர்களையும் சேர்த்து எழுப்ப முடியாமல் தடுமாறியிருக்கிறது. அது ரிலேயை மட்டும் தட்டினால் போதும். மூன்றையும் எழுப்பும் கரண்டை ரிலே பேட்டரியிலிருந்து கொண்டுவரும். செட்டை அணைத்தால் எல்லாம் அணைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்தோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றினேன். பேட்டரியை ஒட்டியே ஒரு பியூஸ் போட்டேன். வழியில் ஒயர் எங்காவது உரசினால் தீப்பிடிக்காமல் அதுதான் அறுந்துபோக வேண்டும். ஒயர் முனைகளைச் சீவி, முறுக்கி, கிளிப் நசுக்கியதெல்லாம் அவர். அந்தக் கைகளுக்கு அது பழகிய வேலை. ரிலேயின் இரண்டு கால்களுக்குக் குறுக்கே நான் டயோடு வைத்துப் பற்றவைத்தபோது, "இதெதுக்கு?" என்றார்.

"ரிலே விடறப்ப கரண்ட் எதுத்து ஒதைக்குமுங்க. செட்டு போயிரும். அதத் தடுக்க டயோடு!"

"என்ன ரேடியோவா?"

"டயோடு!"

மாடி வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

நெகட்டிவ்வை மாட்டிவிட்டுச் செட்டைப் போடப் போனேன். "இரு இரு" என்று என்னை நிறுத்தி, ரிலேயின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தினேன். எனக்குச் சின்னதாய் ஒரு டிக்.

"அடிச்சுது புள்ள" என்றார்.

அணைக்கச் சொன்னார், மறுபடி போடச் சொன்னார். நான்கைந்து முறை இதே. அதற்குப் பிறகுதான் பாட்டு. சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சத்தம் தாங்கவில்லை. இறங்கி வெளியே நின்றேன்.

அடுத்த வாரம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். ஆட்டையாம்பட்டி தாண்டியதும், இப்போது ஓடுவது எந்தப் பாட்டு என்று கேட்டார். சொன்னேன்.

"அப்டியா? நான் வேற பாட்ட நெனச்சுட்டு வாரேன்."

மாற்றட்டுமா என்று கையால் கேட்டேன்.

"வேண்டாம். நான் நெனச்சது பாதில இருக்குது" என்று சொல்லிவிட்டு, ஸ்டீரிங்கில் விரலால் தட்டியபடி ஓட்டினார்.